கடைசிப் பந்தி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், வேதியியல் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியரும் விடுதியின் முன்னாள் துணைக் காப்பாளருமானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையிலிருந்து பார்க்கும்போது பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடி இருந்தவர்களுக்கு முடி இல்லை. தொப்பை இல்லாதவர்களுக்குத் தொப்பை வந்திருக்கிறது. ஆனால் பின் வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களை மட்டும் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். (சிரிப்பு)

செயலாளர் அவர்கள் போனில் அழைத்து, "சார், மாணவர்களுக்குள்ளே ஒருத்தருக்கொருத்தர் பரிவா இருக்கிறதப் பத்தி, எல்லாரையும் ஏத்துக்கிற மனசப் பத்தி ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசணும். கெமிஸ்ட்ரி வேண்டாம் சார்" என்றார். நான் இந்தக் கல்லூரியில் 1978-இல் சேர்ந்து 2012-இல் ஓய்வு பெற்றேன். 34 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பரிவு சொல்லிக் கொடுத்தேனா? இந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் வீட்டு முற்றத்தில் நடந்தேன். கடைசியில், அறிவுரை சொல்வதைவிட, நான் தவறிய ஒரு சம்பவத்தை உங்கள் முன் வைப்பதுதான் நேர்மை என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1986-ஆம் வருஷம். அப்போது நான் விடுதியின் துணைக் காப்பாளர். நம் பழைய மெஸ் உங்களுக்கு நினைவிருக்கும். கடப்பைக் கல் போட்ட நீள மேசைகள், இரண்டு பக்கமும் பெஞ்சு, கோடியில் கை கழுவும் இடம். எந்த மேசையில் யார் உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் சேர்ந்த மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர் பார்த்து ஒரு மேசை, சாதி பார்த்து ஒரு மேசை, இங்கிலீஷ் மீடியம் என்று ஒரு மேசை. கை கழுவும் இடத்தை ஒட்டிய கடைசி மேசை, இவற்றில் எதிலும் சேராதவர்களுக்கு.

அறைகளும் அப்படித்தான். "நாங்களே ரூம்மேட்ஸ் பாத்துக்கிறோம் சார்" என்பார்கள். எனக்கும் வேலை குறைந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதை நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலையில் பி.எஸ்.ஸி. முதலாண்டில் ஒரு மாணவன் சேர்ந்தான். பெயர் சொல்ல மாட்டேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறு கிராமம். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அந்தத் தெருவிலேயே கல்லூரிக்கு வந்த முதல் பையன். சால்ட் அனாலிசிஸில் அவனுக்கு நல்ல கை. ஒரு துளி கூடுதலாக விடமாட்டான். முதலாண்டுப் பையன் பிரவுன் ரிங் டெஸ்டில் குழாயை ஆட்டாமல் சாய்த்துப் பிடித்து அமிலத்தை மெதுவாக இறக்குவதைப் பார்த்து, "ஏலே, எங்கடே படிச்ச இதை?" என்று கேட்டேன். "நீங்க போன வாரம் செஞ்சு காட்டினீங்க சார்" என்றான். அவ்வளவு கவனம்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் நம் மெஸ் தலைமைச் சமையல்காரர் அண்ணன் என்னிடம் வந்தார். "சார், அந்தத் தம்பி எல்லாரும் எந்திரிச்ச பெறகுதான் சாப்பிட வருது. ரசம்கூட மிஞ்ச மாட்டேங்குது. நாந்தான் தனியா எடுத்து வச்சுக் குடுக்கேன். என்னன்னு கேளுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிக்கிற பையன் அண்ணே. கூட்டம் பிடிக்காது போலிருக்கு" என்றேன். சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

நான் அப்போது விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் அவனை அடிக்கவில்லை. ராகிங் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சேர்ந்த முதல் வாரம் ஒரு மேசையில் போய் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்திருக்கிறான். தம்ளருக்கு உரியவன் ஒன்றும் சொல்லாமல் அதை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் புதுத் தம்ளர் வாங்கி வந்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவன் எந்த மேசைக்கும் போகவில்லை.

பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. இன்லாண்ட் லெட்டர் போட்டேன், பதில் இல்லை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஓட்டு வீடு. திண்ணையில் அம்மா தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பையன் சுவரோரம் நின்றான்.

"யார் என்ன சொன்னாங்க? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். வாத்தியார் அதிகாரம்!

அவன், "யாரும் எதுவும் சொல்லலை சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு மாசமா யாருமே எதுவும் சொல்லலை சார்" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுப் பாடத்தை மட்டும் பேசிவிட்டு, திரும்ப வா என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அவன் வரவில்லை. பிறகு தபால் வழியில் பட்டம் படித்து, அரசுப் பணிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ஆனால் அது அவருடைய உழைப்பு. அதைக் காட்டி என் கணக்கை நான் நேர் செய்துகொள்ள முடியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சேரன்மாதேவி நினைவுதான். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கதை தெரியும். வ.வே.சு. ஐயர் தேச விடுதலைக்கு இளைஞர்களை உருவாக்க வேண்டும் என்று அங்கே குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் உதவியது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு என்று தெரியவந்தபோது, 1924, 1925-இல் தமிழ்நாடே கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் எதிர்த்து நின்றார்கள். காந்தியடிகள் வரை பிரச்சினை போனது. 1925-ஆம் ஆண்டிலேயே பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னணியில் இதற்கும் இடமுண்டு. ஐயரும் அதே ஆண்டில் பாபநாசம் அருவியில் காலமானார்.

இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டு இலை ஒரு மாநிலத்தின் அரசியலையே அசைத்தது என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன். சேரன்மாதேவியில் தனிப் பந்தியை ஒருவர் தெரிந்து அனுமதித்தார். என் மெஸ்ஸில் தனிப் பந்தி எனக்குத் தெரியாமலே நடந்தது என்று சொல்லலாமா? சமையல்கார அண்ணன் என்னிடம் சொன்னாரே!

1987 ஜூனில் முதல்வரிடம் போய் இரண்டு அனுமதி கேட்டேன். ஒன்று, முதலாண்டு மாணவர்களுக்கு அறையைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவது. இன்னொன்று, மெஸ் மேசையையும் மாதத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றுவது. மேசைக்கு எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் அந்த வாரம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது. முதல்வர் யோசித்தார். "ஒரு வருஷம் பாருங்க. பிரச்சினை வந்தா உங்க தலை" என்றார்.

பிரச்சினை வந்தது. முதல் மாதத்தில் 11 பேர் அறை மாற்றம் கேட்டு எழுதினார்கள். ஒரு தகப்பனார் நேரிலேயே வந்தார். மிகவும் மரியாதையானவர். "சார், எங்க வீட்ல வித்தியாசமெல்லாம் பாக்க மாட்டோம். பையன் யார்கூட வேணாலும் பழகுவான். ஆனா ராத்திரி தங்குறதுன்னு வரும்போது..." என்று இழுத்தார். நான், "பழகுறதுன்னா அதுதான் சார்" என்றேன். ஆஸ்துமாக்காரப் பையன் ஒருவனுக்கு மட்டும் கீழ்த்தள அறை கொடுத்தேன். மற்ற பத்து மனுக்களும் என் மேசை அறையிலேயே இருந்தன. தீபாவளிக்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1989-இல் ஒரு பெரிய சண்டை நடந்தது. சாதிப் பெயர் சொல்லியே நடந்தது. மூன்று பேரை சஸ்பெண்ட் செய்தோம். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தச் சண்டையில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மறுபக்கத்துப் பையன். அவனுடைய ரூம்மேட். சீட்டு விழுந்ததால் ரூம்மேட் ஆனவன்.

ஆண்டுக்கு ஒருநாள் சமபந்தி போஜனம் நடத்தி, போட்டோ எடுத்து, மலரில் போடுவோமே, அதனால் ஆகாத வேலை இது. ஒருநாள் எல்லோரும் நல்லவர்களாக இருக்க முடியும். தினம் காலை அதே பக்கெட்டில் தண்ணீர் பிடிப்பவனிடம் எவ்வளவு நாள் பேசாமல் இருப்பீர்கள்?

வகுப்பறைக்கு வருவோம். செயலாளர் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கெமிஸ்ட்ரி வருகிறது. (சிரிப்பு)

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்றொரு நகரம். அங்கே வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழி வந்தவர் என்று தனித்தனியாகப் படித்த பிள்ளைகளை 1971-இல் ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரை அழைத்தார்கள். அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். தெரிந்தவன் கையைத் தூக்குகிறான். ஒருவன் பதில் சொன்னால் மற்றவனுக்கு வாய்ப்புப் போச்சு. அடுத்தவன் தப்பாகச் சொல்ல வேண்டும் என்றே ஒவ்வொருவனும் வேண்டிக்கொள்ளும் ஏற்பாடு! அவர் அதை மாற்றினார். பிள்ளைகளைக் கலந்து சிறு குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால் மற்றவன் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். 'ஜிக்சா' முறை என்று பெயர். கல்வியியல் துறை நண்பர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரியவந்தது.

நான் இதை ஹேபர் முறை அம்மோனியாவில் செய்து பார்த்தேன். ஐந்து பேர் குழு. ஒருவனுக்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் எங்கிருந்து வருகின்றன என்பது. ஒருவனுக்கு ஏன் 450 டிகிரி, வெப்பம் குறைந்தால் விளைச்சல் கூடுமே, பிறகு ஏன் குறைக்கவில்லை என்பது. ஒருவனுக்கு 200 அட்மாஸ்பியர் அழுத்தம். ஒருவனுக்கு இரும்பு வினையூக்கி. கடைசி ஆளுக்கு உரத் தொழில். 20 நிமிஷம் தனித்தனியாகப் படிப்பு. பிறகு ஒருவருக்கொருவர் வகுப்பெடுக்க வேண்டும். பரீட்சை ஐந்து பகுதியிலிருந்தும் வரும்.

ஒரு குழுவில் அழுத்தம் பற்றிய துண்டு கிடைத்த பையனுக்குத் திக்குவாய். அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆரம்பித்ததும் மற்ற நால்வரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். நான் பக்கத்தில் போய் ஒன்றே ஒன்று சொன்னேன்: "தம்பிகளா, லெ ஷாட்லியே தத்துவம் இவன்கிட்ட மட்டும்தான் இருக்கு. நாளைக்கு டெஸ்ட்ல பத்து மார்க்." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. முதலில் மார்க்குக்காகத்தான் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம், அவன் சொல்லை முடிக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். அவசரப்பட்டு அவன் வாக்கியத்தை முடித்துவைத்தால் அவன் இன்னும் திக்குகிறான் என்பதையும் கண்டுபிடித்தார்கள். எனக்கே தெரியாத விஷயம் அது. அந்த மாணவர் இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். இன்று அவர் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். (கைதட்டல்)

பரிவு காட்டுவதிலும் தவறு நேரும். 1990-களில் வரலாற்றுத் துறையில் பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்தார். அவருக்குப் பாடம் வாசித்து கேசட்டில் பதிவுசெய்ய விடுதி மாணவர்கள் முறை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம், "நம்ம பசங்க எல்லாம் நல்லா கவனிச்சுக்கிறாங்களா தம்பி?" என்றேன். "நல்லா வாசிக்கிறாங்க சார். ஆனா சினிமாவுக்குப் போறப்ப யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்றார்.

உதவி கிடைத்தது, நட்பு கிடைக்கவில்லை. நான் பசங்களிடம் சொன்னதும் வெட்கப்பட்டார்கள். அந்த வாரமே இரவுக் காட்சிக்குக் கூட்டிப் போய், காதில் கதை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முன் சீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். (சிரிப்பு) பிறகு அவர் இவர்களிடம் கடன் வாங்கினார், கேரம் விளையாட்டுக்கு நடுவராக இருந்து ஏமாற்றினார் என்று புகார்கூட வந்தது. அப்போதுதான் எனக்கு நிம்மதி. கருணைக்குரியவராக இருந்தவர் கூட்டாளி ஆகிவிட்டார் அல்லவா!

இன்றைக்குச் சட்டங்கள் பல வந்துவிட்டன. 1996-இல் தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களைத்தான் பேசியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவிபெறும் நிலையங்களிலும் அவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடம் வேண்டும் என்கிறது. எல்லாம் வேண்டியவையே.

ஆனாலும் 2023 ஆகஸ்டில் நம் மாவட்டத்து நாங்குநேரியில் என்ன நடந்தது? ப்ளஸ் டூ படித்த பட்டியலினப் பையனை, வீடு புகுந்து, அவனோடு படித்த பிள்ளைகளே வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! அதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்பவற்றோடு, வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் அதில் ஒரு பரிந்துரை. பலர் அதைச் சின்ன விஷயம் என்று கடந்து போனார்கள். எனக்கு என் மெஸ் மேசைதான் ஞாபகம் வந்தது. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயமே இல்லை.

அன்பான மாணவர்களே, நான் பேச வந்ததன் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். இரண்டு கோரிக்கைகள்.

முதலாவது, சங்கம் புதிய விடுதிக் கட்டடத்துக்கு நிதி திரட்டுகிறது. தாராளமாகக் கொடுக்கிறீர்கள், பாராட்டுகிறேன். ஆனால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கலெல்லாம் எதற்கு, அறையை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடலாமே" என்று நன்கொடையாளர்கள் சிலர் கேட்டிருப்பதாக அறிகிறேன். நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்கள். நானும் நல்லெண்ணத்தோடுதான் 1986-இல் விருப்பத்துக்கு விட்டேன். பதினெட்டு வயதில் நம் விருப்பம் என்பது பெரும்பாலும் நம் தெருவின் விருப்பம்தான். கட்டடம் புதிதாகட்டும், அந்தச் சீட்டு டப்பா மட்டும் பழையதாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, நம் சங்க விதிப்படி இங்கே பட்டம் முடித்தவர்கள்தான் உறுப்பினர். அதனால் அந்தக் கோவில்பட்டிப் பக்கத்து மாணவருக்கு நம்மிடமிருந்து ஒருநாளும் அழைப்பிதழ் போனதில்லை. அவர் நம் பழைய மாணவர் இல்லையாம்! நான்கு மாதம் இந்தக் கல்லூரியில் படித்தார். நம்மால்தான் ஐந்தாவது மாதம் படிக்கவில்லை. அவரைப் போல நடுவில் நின்றுபோனவர்கள் இன்னும் எத்தனை பேரோ. சேர்க்கைப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. விதியைத் திருத்துங்கள். பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுங்கள்.

அந்த 1986-ஆம் ஆண்டு செட் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைப் பேசவில்லை. உங்களுக்கு அப்போது பதினெட்டு வயது, எனக்கு முப்பத்திரண்டு. பொறுப்பு என்னுடையது. ஆனால் கடிதம் எழுதும்போது என் கையெழுத்துக்குக் கீழே உங்களில் யாராவது ஒருவர் கையெழுத்தும் இருந்தால் நன்றாயிருக்கும். வாத்தியார் எழுதினால் அது கடமை என்று நினைத்துவிடுவார். கூடப் படித்தவர் எழுத வேண்டும். அவர் வருவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். வராவிட்டாலும் அதற்கு அவருக்கு நியாயம் உண்டு.

மதியச் சாப்பாடு பழைய மெஸ்ஸிலேயே ஏற்பாடு ஆகியிருக்கிறது. கேட்டரிங்காரர்கள் வேண்டாம், பழையபடி மேசைக்கு இரண்டு பேர் பரிமாறட்டும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வாசலில் சீட்டு டப்பா வைத்திருக்கிறார்கள். எடுத்த எண்ணில் உட்காருங்கள். நானும் ஒரு சீட்டு எடுத்துவிட்டேன். ஏழாம் மேசை, பரிமாறும் முறை.